மகமைப் பெட்டியும் மன்னர் ஆணையும்

ஜமீன் ஆட்சியையும் ஹிட்லர் ஆட்சியையும் ‘சர்வாதிகாரம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். இரண்டும் கொடுமையே, ஆனால் இயல்பு வேறு. எதேச்சாதிகாரம் வாயை மூடச் சொல்லும். முற்றதிகாரமோ, மூடிய வாயைத் திறக்க வைத்துத் தன் புகழையே பாடச் சொல்லும்.

வானம் பார்த்த சீமையைப் பாருங்கள், தோழர்களே! அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேதுபதிகளின் இராமநாதபுரம் ஜமீனில் அடங்கியிருந்தவை. 1803-இல் வெள்ளையர் ஆட்சி அந்த ஜமீனை நிலைவரித் திட்டத்தால் உறுதி செய்தது. ஜமீன் கேட்டது வாரமும் பணிவும். 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதியின் பெயரில் வழக்கு எழுந்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அங்கும் நாடார்கள் தோற்றனர். ஆண்டவன் வாசலுக்குப் பூட்டு. பூட்டுக்குச் சட்டத்தின் முத்திரை!

ஆயினும் அதே காலத்தில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் முதலிய ஊர்களில் நாடார் உறவின்முறைகள் பேட்டை நடத்தின. சரக்குக்கு மகமை தண்டின. அப்பணத்தில் பொதுக் காரியங்கள் செய்தன. விருதுநகரில் 1885-இலேயே சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. (பெயரில் சத்திரியம் எதற்கு என்று நாம் கேட்போம், உள்ளே கற்றது எழுத்தல்லவா!) கோயிலைப் பூட்டிய அதிகாரம் மகமைப் பெட்டியைத் தொடவில்லை. கருணையால் அன்று. கிஸ்தி வந்தால் போதும் என்ற அலட்சியத்தால்.

குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஆழமாகப் பாய்ந்தது. 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும், பிறகு இராமநாதபுரச் சீமையிலும் அது பிறப்பையே குற்றமாக்கியது, கைரேகை பதித்தது, ஊர் தாண்ட அனுமதி கேட்க வைத்தது. 1947-இல்தான் இங்கு ஒழிந்தது. அந்தச் சட்டமும் உடலைக் கட்டிற்றேயன்றி, உள்ளத்தைத் தன் கட்சியில் சேர்க்க முனையவில்லை.

ஜெர்மனியில் என்ன நடந்தது? 1933 மே 2-இல் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. ஜூலை 14-இல் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே கூடாதென்று சட்டம் வந்தது. சிறுவனுக்கும் சீருடை, பாடநூலுக்கும் இனவெறி. அங்கே ஒரு மகமைப் பெட்டி தனித்து நின்றிருக்க முடியுமா? நவம்பரில் தேர்தலும் நடந்தது. வாக்குச் சீட்டில் ஒரே பட்டியல்!

1975-இல் இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தது. ஏடுகளுக்குத் தணிக்கை, எதிர்த்தோருக்கு மிசாச் சிறை. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைப்பு. எதேச்சாதிகாரம்தான், ஐயமில்லை. ஆனால் பெரிய எதிர்க்கட்சிகள் அழிக்கப்படவில்லை. 1977 மார்ச்சில் வாக்குச் சீட்டில் பல சின்னங்கள் இருந்தன. இந்திரா காந்தி ரேபரேலியில் தோற்றார். ஜூனில் அருப்புக்கோட்டை எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.