ஒரு ஸஹனைச் சுற்றி: அளவோடு உண்டவர்களின் வரலாறு

 

"குறைவாக உண்ணுங்கள்" என்று யாரேனும் சொன்னால், அது நோயாளிக்கு விதிக்கப்பட்ட பத்தியம் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆனால் முஸ்லிம்களின் உணவு வரலாறு வேறொன்றைச் சொல்கின்றது. நம் முன்னோர் உணவை வெறுத்து அளவைக் குறைக்கவில்லை. உணவின் சுவையை அறிவதற்காகவும், அருகில் அமர்ந்திருப்பவரின் பசியை மறவாதிருப்பதற்காகவுமே குறைத்தார்கள்.

மதீனாவிலிருந்து தொடங்குவோம். இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்டும் நபி (ஸல்) அவர்களின் வீடுகளில் அடுப்பு எரியாத காலம் இருந்தது. பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்தன என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அத்தகைய வறுமையிலும் அந்த இல்லத்தில் உணவு இகழப்படவில்லை. ஒரு முறை நபியவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது கேட்டபோது, காடியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அதையே வாங்கி உண்டு, நல்ல தொடுகறி என்று புகழ்ந்தார்கள். விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள், எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

அளவு பற்றிய நபிமொழி நாம் அறிந்ததே. முதுகை நிமிர்த்தி வைக்கும் சில கவளங்களே மனிதனுக்குப் போதும். அதற்கு மேலும் உண்டே ஆகவேண்டுமாயின், வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளட்டும் என்ற கருத்தை மிக்தாம் பின் மஃதீகரிப் (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் திர்மிதி (ரஹ்) பதிவு செய்திருக்கின்றார்கள்.

இந்த அளவு பழகப்பட்ட இடம் பகிர்ந்துண்ட தட்டாகும். சிறுவராக இருந்த உமர் பின் அபீ ஸலமா (ரழி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் இருப்பதை உண்ணுமாறு நபியவர்கள் கற்பித்தார்கள். அதட்டலில்லாத அந்த ஒரு பாடம் அவருடைய ஆயுள் முழுவதற்குமான வழக்கமாயிற்று. பின்னாளில் மதீனாவில் பஞ்சம் நிலவியபோது, அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரழி) அவர்கள் மக்களுக்குப் பேரீச்சம்பழம் வழங்கினார்கள். அவ்வழியே சென்ற இப்னு உமர் (ரழி) அவர்கள், உடன் உண்பவரிடம் அனுமதி பெறாமல் இரண்டு பழங்களை ஒன்றாக எடுக்க வேண்டாம் என்று நபிவழியை நினைவூட்டினார்கள். ஒரு பழம் எடுப்பவர் அதைச் சுவைப்பார்; இரண்டை ஒன்றாக எடுப்பவர் பிறர் பங்கைக் குறைப்பார்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் (கி.பி. 639) அரேபியாவில் கடும் வறட்சி ஏற்பட்டது. அவ்வாண்டு வரலாற்றில் "சாம்பல் ஆண்டு" என்று பெயர் பெற்றது. ஷாம் தேசத்திலிருந்து உணவு வரவழைக்கப்பட்டது. மக்கள் மீளும்வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று கலீபா உமர் (ரழி) அவர்கள் உறுதி பூண்டார்கள். ஆட்சியாளரின் தட்டும் அண்டை வீட்டாரின் பசியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை அந்த ஆண்டு உலகுக்குக் காட்டியது.

பின்னர் வளம் வந்தது. 762இல் நிறுவப்பட்ட பக்தாத் நகரம் உணவுக் கலையில் சிறந்து விளங்கிற்று. பத்தாம் நூற்றாண்டில் அங்கு இப்னு ஸய்யார் அல்வர்ராக் எழுதிய சமையல் நூலில் 130க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் உள்ளன. அதில் கறிவகைகளோடு, கை கழுவும் முறையும் விருந்தில் அமரும் ஒழுக்கமும் இடம்பெறுகின்றன. சுவையை நாடியோர் ஒழுக்கத்தையும் நாடினர். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் உண்ணும் ஒழுக்கத்துக்கென ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கினார்கள். கவளம் சிறிதாக இருக்கட்டும், நன்கு மெல்லட்டும், விழுங்கிய பின்னரே அடுத்த கவளத்துக்குக் கை நீளட்டும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. டமஸ்கஸில் வாழ்ந்து 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களோ, உண்பதில் தேவை, போதுமானது, மிதமிஞ்சியது என மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்கள்.

இன்றைய மருத்துவமும் இதற்கு அருகில் வந்து நிற்கின்றது. வயிறும் குடலும் "போதும்" என்று அனுப்பும் செய்தி மூளையில் முழுமையாக உணரப்பட ஏறத்தாழ இருபது நிமிடங்கள் செல்கின்றன. விரைந்து உண்பவர் அச்செய்தி கிட்டுமுன்னரே தேவைக்கு மேல் உண்டுவிடுகின்றார். மேலும், ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது முதற் சில கவளங்களில் உள்ள இன்பம் போகப் போகக் குன்றுகின்றது. ஆகவே தட்டை நிரப்புவதால் சுவை கூடுவதில்லை; கவனத்தினாலேயே கூடுகின்றது.

நேயர்களே! இலங்கை முஸ்லிம்களாகிய நாம் இந்த வரலாற்றின் ஒரு துண்டை இன்னும் கையில் வைத்திருக்கின்றோம். அதுவே ஸஹன். பெரிய தட்டு என்ற பொருளுடைய அறபுச் சொல் அது. பெரும்பாலும் ஆறு பேர் ஒரு ஸஹனைச் சுற்றி அமர்கின்றனர். பெரியவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவார். ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்தே உண்பர். விரைந்து உண்பவர் மெதுவாக உண்பவருக்காகக் கை தாழ்த்துவார். எந்தப் பாடநூலும் இல்லாமலே அளவும் பொறுமையும் அங்கே கற்பிக்கப்பட்டன.

ஆனால் இன்று சில வலீமா விருந்துகளில் நாம் காண்பது என்ன? ஸஹனில் சோறும் இறைச்சியும் மலைபோல் குவிக்கப்படுகின்றன. அறுவர் உண்டெழுந்த பின்னும் பாதி எஞ்சிக் குப்பைக்குச் செல்கின்றது. பகிர்வதற்காகப் பிறந்த தட்டு பெருமைக்குரிய தட்டாக மாறினால், வடிவம் எஞ்சும், பரக்கத் போய்விடும். நீரிழிவு நம் வீடுகளில் பழகிப்போன ஒரு சொல்லாகிவிட்ட இக்காலத்தில், இது வெறும் வீண்விரயம் பற்றிய கவலை மட்டுமன்று.

பெற்றோர்களே! வாரத்தில் ஒரு வேளையேனும் பிள்ளைகளோடு ஒரே ஸஹனில் அமருங்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அப்பால் இருக்கட்டும். முதலில் குறைவாகப் பரிமாறுங்கள். வேண்டுவோர் மீண்டும் கேட்கட்டும். சமைத்தவரின் கைப்பக்குவத்தை வாய்விட்டுப் பாராட்டுங்கள். இளைஞர்களே! உங்கள் திருமண விருந்தின் அளவைத் தீர்மானிக்கும் நாள் வரும். அப்போது மிஞ்சும் உணவைக் கணக்கிட்டுக் குறையுங்கள்; அந்தச் செலவில் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பு எரியட்டும்.

ஒருவரின் உணவு இருவருக்குப் போதும் என்ற நபிமொழியின் கருத்தை நம் தட்டுகள் மீண்டும் மெய்ப்பிக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.