ஒப்பந்தப்புள்ளிக்கு முன் மக்கள்: தஞ்சாவூர் சீர்மிகு நகரத் திட்டமும் குடவாசலுக்கான படிப்பினையும்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில், திருச்சேறை வழியாகத் திருவாரூர் செல்லும் சாலையில் உள்ளது குடவாசல். இன்று அது வட்டத் தலைநகர், ஒரு பேரூராட்சி. சங்க இலக்கியத்தில் குடவாயில் என்ற பெயரோடு வரும் பழைய ஊர். இத்தகைய ஊர்களுக்கும் ‘ஸ்மார்ட் சிட்டி’ எனும் சீர்மிகு நகரத் திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. 2015 ஜூன் 25 அன்று மத்திய அரசு தொடங்கிய அத்திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள் சேர்ந்தன. அவற்றில் 11 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. காவிரிப் படுகையின் நெல் வட்டாரத்திலிருந்து அதில் சேர்ந்தது தஞ்சாவூர். திட்டக்காலம் 2025 மார்ச் 31-இல் முடிந்துவிட்டது.

ஆனால் அத்திட்டம் கொண்டுவந்த நடைமுறைகள் முடியவில்லை. இணையவழிப் பதிவு, கண்காணிப்புக் கேமரா, கைப்பேசிச் செயலி, தரம்பிரித்த குப்பைச் சேகரிப்பு, குளச் சீரமைப்பு எல்லாம் இப்போது பேரூராட்சிகளின் வாசலுக்கும் வந்துவிட்டன. ஆகவே தஞ்சாவூரில் நடந்ததைக் குடவாசலிலிருந்து பார்த்து எடைபோட வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்: மக்களைக் கேட்டார்களா என்பதைவிட, எந்தக் கட்டத்தில் கேட்டார்கள் என்பதே ஒரு சேவை நிலைக்குமா நிலைக்காதா என்பதை முடிவு செய்கிறது. மதிப்பீடு தயாராகி ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு நடத்தும் கூட்டத்தால் எதுவும் மாறாது.

2. மனு கொடுப்பதும் திட்டமிடுவதும்

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் எழுதிய கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மக்களைத் தம் விருப்பத்துக்கு ஆட்டிவைப்பது அடிப்படி. தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகள். கூட்டாக முடிவெடுப்பது, அதிகாரத்தைப் பகிர்வது, மக்களே நிர்வகிப்பது ஆகியவை மேற்படிகள். கருத்துக் கேட்டதோடு நின்றுவிட்டால் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது அவருடைய முடிவு.

நம் ஊரில் பரவலாக இருப்பது இந்த எட்டில் எதிலும் சரியாக அடங்காத ஒன்று: மனு. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை எல்லோரும் அறிவோம். அது தேவையான ஏற்பாடு. ஏழைக்கு அதுவும் இல்லாமல் போனால் வேறு கதவு கிடையாது. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுக்கலாம். எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு என்பதை மனுவால் முடிவு செய்ய இயலாது. செயலியில் புகார் பதிவதும் இதே மனுதான். புகார்களின் எண்ணிக்கையைக் காட்டி ‘மக்கள் பங்கேற்பு’ என்று அறிக்கை எழுதுவதை ஏற்க முடியாது.

3. தஞ்சாவூர்: மன்றம் இல்லாத ஆண்டுகள்

சீர்மிகு நகரத் திட்டத்தின் விதிமுறைகளைப் படித்தால் மக்கள் கலந்தாய்வுக்கு நல்ல இடம் கொடுத்திருப்பது தெரியும். நகரங்கள் போட்டியிட்டுத்தான் தேர்வாக வேண்டும். முன்மொழிவை மதிப்பிடும்போது மக்களிடம் எவ்வளவு கலந்து பேசினார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மத்திய அரசின் மைகவ் இணையதளத்திலும் நேரிலும் கருத்துகள் திரட்டப்பட்டன. தஞ்சாவூர் 2016 செப்டம்பரில் தேர்வானது.

அடுத்த மாதமே, 2016 அக்டோபரில், தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலான காலம் நகரங்களைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தஞ்சாவூர் 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. மாநகராட்சி என்ற நிலையில் அது தேர்ந்தெடுத்த முதல் மன்றம் 2022-இல்தான் அமைந்தது. திட்டத்தின் விரிவான வடிவமைப்பும் ஒப்பந்தங்களும் கட்டுமானத்தின் பெரும்பகுதியும் மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத இந்தக் காலத்தில் நிகழ்ந்தவை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. திட்டத்தை நடத்தியது மாநகராட்சி அல்ல. நிறுவனங்கள் சட்டத்தின்படி அமைத்த தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி லிமிடெட் என்ற சிறப்பு நோக்கு நிறுவனம். மாநில அரசும் மாநகராட்சியும் அதில் சரிபாதிப் பங்குதாரர்கள். வேலை வேகமாக நடக்க இந்த ஏற்பாடு உதவியிருக்கலாம். ஆனால் மாநகராட்சியின் பாதிப் பங்குக்குப் பேச வேண்டிய மன்றமே இல்லாதபோது, நகரத்து மக்கள் சார்பில் அந்நிறுவனத்தின் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்டால் விடை கிடையாது.

பழைய பேருந்து நிலையமும் காமராஜர் சந்தையும் சரபோஜி சந்தையும் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டன. பழைய கட்டடங்கள் இடிக்க வேண்டியவையே என்று ஒப்புக்கொண்டாலும், ஒரு சந்தையின் வடிவமைப்பு அதில் விற்பவருக்குத்தான் முதலில் தெரியும். காய்கறி மூட்டை இறங்கும் நேரம், தண்ணீர் வடியும் திசை, தரையில் கூறு கட்டி விற்கும் பெண்ணுக்கு வேண்டிய இடம் ஆகியவை வரைபடத்தில் தானாக வந்து உட்காரா. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது அது. நகர வடிவமைப்பில் எளியவர்களுக்கு எண்ணிக்கையோடு இடம் ஒதுக்கிய சட்டங்கள் நம்மிடம் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

சென்னையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைக் கட்டுவதற்கு முன், வாகனங்களை நிறுத்திச் சாலையை நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். கடைக்காரர்களின் அச்சம் என்ன, வாகன நெரிசல் எங்கே திரும்பும் என்பதெல்லாம் கான்கிரீட் போடுமுன் தெரிந்தன.

4. நீர்: உள்ளூர் அறிவின் எடை

தஞ்சாவூர்த் திட்டத்தில் மனத்துக்கு நிறைவளிக்கும் பகுதி குளங்கள். செவ்வப்ப நாயக்கன் ஏரியில் தேங்கும் மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக ஐயன்குளத்துக்குப் போகும் பழைய ஏற்பாடு ஒன்று அந்நகரில் உண்டு. ஜலசூத்திரம் என்பார்கள். குடவாசலைத் தம் பெயரிலேயே சுமக்கும் வரலாற்றறிஞர் குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றோர் தஞ்சையின் இந்த நீர் ஏற்பாடுகளைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். சீர்மிகு நகரப் பணியில் ஐயன்குளத்தைத் தூர்வாரியபோது அந்தக் கால்வாய் வெளிப்பட்டது. புதிய குழாய் எதற்கும் செலவு செய்யாமல் புவியீர்ப்பிலேயே நீர் ஓடும் வழி நகரத்தின் அடியில் மறந்துபோய்க் கிடந்திருக்கிறது.

இதன் பொருள் தெளிவு. வடிவமைப்பாளர் முதலில் நடத்த வேண்டியது விசாரணை: இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த வருடத்திலிருந்து வரவில்லை, வரத்துக்கால் மேல் இப்போது என்ன நிற்கிறது. விடைகள் வயதானவர்களிடமும் தலைமுறையாகத் தண்ணீர் திருப்பியவர்களிடமும் உள்ளன. குடவாசல் கோணேசுவரர் கோயில் குளத்தைப் பற்றியும், ஊரை ஒட்டிய சோழசூடாமணி ஆற்றைப் பற்றியும் இந்தக் கேள்விகளை இப்போதே கேட்டு வரைபடமாக்கலாம். மேட்டூரில் ஜூன் 12 அன்று அணை திறந்தால் எத்தனை நாளில் எந்த வாய்க்காலில் தண்ணீர் எட்டும், ஐப்பசி அடைமழையில் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த மதகைத் திறந்தால் வடியும் என்பதைக் கடைமடை விவசாயி மனப்பாடமாகச் சொல்வார். வெள்ள எச்சரிக்கைக்கு உணர்கருவி பொருத்த நினைப்பவர் அந்த மதகில் பொருத்தட்டும்.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த முறையைச் சொல்வது உண்மை. ஆனால் அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்குத்தான் இடம். உழுதவருக்கும் பெண்களுக்கும் இல்லை. அதை நம் மாதிரியாகக் கொள்ள முடியாது. எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் கணக்கு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது.

5. நெல் கொள்முதல்: வடிவமைப்பில் விடுபட்டவர்கள்

குடவாசல் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான ‘ஸ்மார்ட்’ சேவை கேமராவோ செயலியோ அல்ல; நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான இணையப் பதிவு. நுகர்பொருள் வாணிபக் கழகம் 2021-22 பருவத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெளி வியாபாரிகளின் நெல் விவசாயி பெயரில் நுழைவதைத் தடுப்பதும், களத்தில் நாள்கணக்கில் காத்திருப்பதைக் குறைப்பதும் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை.

களத்தில் நின்று பார்த்தால் வேறு காட்சி. நெல் குவியல் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது; ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; மேகம் கறுக்கிறது. பதிவுக்குக் கொடுத்த கைப்பேசி எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது. ஓடிபி அவனுக்குப் போகிறது. அவன் மில்லுக்குள் இருக்கிறான். இதைவிடப் பெரிய சிக்கல் குத்தகை. டெல்டாவில் கோயில் நிலமும் மட நிலமும் ஏராளம். சாகுபடி செய்கிறவர் பெயரில் பட்டா இருக்காது; சிட்டா கேட்கும் திரையில் அவர் என்ன நிரப்புவார்? கிராம நிர்வாக அலுவலரின் சான்றுக்கு அலைய வேண்டும். அறுவடைக்கு முந்தைய மாதம் ஒரு கொள்முதல் நிலையத்தில் குத்தகை விவசாயிகளையும் சுமைதூக்கும் தொழிலாளர்களையும் உட்காரவைத்துத் திரையின் மாதிரியைக் காட்டிக் கேட்டிருந்தால், இந்த இரண்டும் முதல் மணி நேரத்திலேயே வெளிவந்திருக்கும்.

குப்பைக்கும் இதே நியாயம். வளம் மீட்புப் பூங்காவில் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்குத்தான் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் வண்டி போனால் குப்பை கைக்கு வரும், எந்த நேரத்தில் போனால் ஆற்றங்கரைக்குப் போய்விடும் என்பது தெரியும். வண்டிக்கு ஜிபிஎஸ் பொருத்துமுன் அவரிடம் பாதையைக் கேட்பது செலவில்லாத வேலை.

6. சட்டத்தில் ஏற்கெனவே உள்ள இடம்

மக்களை முன்கூட்டியே கேட்கப் புதிய சட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே உரிய விவரங்களை அரசு அலுவலகம் தானாக வெளியிட வேண்டும் என்கிறது. தமிழ்நாடு 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகளை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. கிராம சபை மட்டுமே கேள்விப்பட்டிருந்த நகரவாசிக்கு இது பெரிய வாய்ப்பு.

வாய்ப்பு மட்டும் போதாது, பணம் வேண்டும். கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. அதனால்தான் அங்கே கிராம சபைப் பேச்சுக்குக் கனம் வந்தது.

7. குடவாசலில் தொடங்கக்கூடியது

சில ஆண்டுகளுக்கு முன் குடவாசல் அரசு கலைக் கல்லூரியின் நிரந்தரக் கட்டடம் எங்கே அமைவது என்ற கேள்வியில் மாணவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். இடத்தைத் தேர்வதற்கு முன் மாணவர்களோடும் பெற்றோரோடும் பேருந்து நேரங்களை வைத்துப் பேசியிருந்தால் அப்போராட்டத்துக்குத் தேவை குறைந்திருக்கும் என்பது என் கருத்து. மக்களைக் கேட்டால் வேலை தாமதமாகும் என்பவர்கள், கேட்காததால் வரும் தாமதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூட்டம் எப்போது, எங்கே என்பது சின்ன விஷயமல்ல. வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நடவுக்குப் போன பெண்கள் வரமாட்டார்கள். வந்தால் அன்றைய கூலி போகும். ஒரு தெருவில் கூடினால் இன்னொரு தெருவார் கால் வைக்கத் தயங்கும் சாதி நிலைமை டெல்டாவில் இன்னும் இருக்கிறது. ஆகவே ஒரே கூட்டத்தில் கையெழுத்து வாங்குவது ஏமாற்று. மாலையில், தெருத்தெருவாக, குடியிருப்புப் பகுதிக்கே போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு தெருவும் சொன்னதைத் தனித்தனியாக எழுதி, ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்று பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு, யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் வரட்டும்.

குடவாசல் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதி சபைக்குப் போகும்போது மனு கொண்டுபோகாதீர்கள். உங்கள் வார்டில் இந்த ஆண்டு எடுக்கவிருக்கும் பணிகளின் மதிப்பீட்டு நகலை, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே சபையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.