நௌசிகாவுக்கு இரண்டு முடிவுகள்

டிஸ்கி: படத்தைப் பார்க்காதவர்கள், மாங்காவைப் படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். முடிவைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். (மாங்கா என்றதும் உப்பும் மிளகாய்த்தூளும் தேடாதீர்கள். ஜப்பான்காரர்கள் காமிக்ஸுக்கு வைத்த பெயர் அது.)

பரீட்சை முடிந்த அன்று ராத்திரி ஹாஸ்டலில் 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா' படம் ஓடியது. முடிந்ததும் ரூம்மேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு "சுபம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஏழு தொகுதி மாங்காவையும் அதற்கு முன்பே படித்திருந்தேன். படத்தை எடுத்த அதே ஹயாவோ மியாசாகி, பத்து வருஷம் கழித்து மாங்காவில் அந்தச் சுபத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டார்.

இந்தக் கதை பணத்தில்தான் ஆரம்பிக்கிறது. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? 1980-களின் தொடக்கத்தில் மியாசாகி சொன்ன படத் திட்டங்களுக்குத் தோகுமா பதிப்பகம் சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே வாசகர் உள்ள ஒரு காமிக்ஸ் கையில் இல்லாமல் பணம் போடுவது ரிஸ்க் என்றார்கள். சரி, அந்த காமிக்ஸை நானே வரைகிறேன் என்று, அவர்களுடைய 'அனிமேஜ்' பத்திரிகையில் 1982 பிப்ரவரி இதழிலிருந்து நௌசிகாவைத் தொடங்கினார். தொடர் பிடித்துப்போய், 1984 மார்ச் 11-ல் படமும் வந்துவிட்டது. ஆனால் அப்போது மாங்கா இரண்டு தொகுதி அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. முடியாத கதைக்கு ஒரு முடிவு வேண்டும்!

படத்தில் என்ன நடக்கிறது? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெரும்போரில் உலகம் நாசமாகி, விஷக் காடு பரவிக்கொண்டிருக்கிறது. ஓமு என்ற ராட்சதப் பூச்சிகள் அதைக் காக்கின்றன. பெஜிதே நாட்டுக்காரர்கள் ஒரு குட்டி ஓமுவைச் சித்திரவதை செய்து, அதன் கூட்டத்தையே பள்ளத்தாக்கின் பக்கம் இழுத்துவிடுகிறார்கள். நௌசிகா குட்டியோடு கூட்டத்தின் எதிரே போய் நிற்கிறாள். தூக்கி எறியப்பட்டுச் சாகிறாள். பிறகு ஓமுக்களின் பொன்னிற உணர்கொம்புகள் அவளைத் தூக்கிப் பிடிக்க, உயிர்த்தெழுகிறாள். நீல உடையில் பொன் வயல்மேல் நடப்பவர் வருவார் என்ற பழைய வாக்கு பலித்துவிடுகிறது.

மியாசாகி முதலில் யோசித்தது இதையல்ல. ஓமுக்கள் ஓடி வருகின்றன, எதிரே நௌசிகா வந்து இறங்குகிறாள், அதோடு முடிந்தது. தயாரிப்பாளர் இசாவோ தகாஹாதாவும், அனிமேஜில் இருந்த தோஷியோ சுசூகியும் இது ரசிகர்களுக்குப் போதாது என்று நினைத்தார்கள். அவள் செத்துப்போவது, செத்துப் பிழைப்பது என்று மேலும் இரண்டு வழிகளைப் பேசி, கடைசி வழியை மியாசாகியிடம் கொண்டுபோனார்கள். நேரம் நெருக்கிக்கொண்டிருந்தது. அவரும் ஒத்துக்கொண்டார். பின்னாளில் இதைச் சொன்னவர் சுசூகியேதான். படம் ஒரு மதச் சித்திரம் மாதிரி முடிந்துவிட்டதே என்ற நெருடல் மியாசாகிக்கு வெகுநாள் இருந்தது.

மாங்காவின் இரண்டாம் தொகுதியிலும் கிட்டத்தட்ட இதே காட்சி உண்டு. குட்டி ஓமு, நீல ரத்தத்தில் நனைந்த உடை, பொன்னிற உணர்கொம்புகள் எல்லாமே இருக்கின்றன. ஆனால் அங்கே அவள் சாகவில்லை, போரும் நிற்கவில்லை. படத்தின் உச்சக்கட்டம் மாங்காவில் கதை சூடுபிடிக்கும் இடம், அவ்வளவுதான்.

அதன்பின் பத்து வருஷம். 'லாப்யூதா', 'டொட்டோரோ', 'கிகி', 'போர்கோ ரோஸோ' என்று ஒவ்வொரு படத்துக்காகவும் தொடரை நிறுத்தி நிறுத்தி, 1994 மார்ச் இதழில்தான் முடித்தார். அந்த இடைவெளியில் சோவியத் யூனியன் உடைந்தது, யூகோஸ்லாவியாவில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கொன்றார்கள். இளமையிலிருந்து மார்க்ஸியச் சார்புள்ள மியாசாகிக்கு அது பெரிய அடி. நௌசிகாவை முடிக்கும்போதுதான் மார்க்ஸியத்தைக் கைவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அடி விழுந்த தடம் முடிவில் தெரிகிறது. படத்தில் விஷக் காடு இயற்கை தரும் மருந்து. மாங்காவில் அந்தக் காடே பழைய விஞ்ஞானிகள் உருவாக்கியது. பூமி சுத்தமானதும் வெளியே வருவதற்காக, சாந்தமான புது மனிதர்களின் கருமுட்டைகளை ஷுவாவின் கல்லறைக்குள் பதுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது வாழும் மனிதர்கள் விஷத்தோடு வாழும்படி மாற்றப்பட்டவர்கள், சுத்தமான காற்று பட்டால் பிழைக்க மாட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட நௌசிகா, தன்னை அம்மா என்று நம்பும் ராட்சத வீரன் ஓமாவைக் கொண்டு கல்லறையை இடித்துவிடுகிறாள். முட்டைகளோடு சேர்த்துத்தான்! வெளியே வந்ததும் உண்மையை மக்களிடம் மறைக்கிறாள். அப்போதும் அவள் உடை நீலம். ஆனால் அந்த நீலம் கல்லறையின் ரத்தம், ஓமுவின் ரத்தத்தைப் போன்றதே. படத்தில் வாக்கு பலித்த அதே நீலம் இங்கே கொலைக் கறை.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறக்காதவர்களைக் கொல்ல இவள் யார்? அப்புறம் மினமாதா பற்றிப் படித்தேன். பாதரசக் கழிவு கலந்த அந்த விரிகுடாவில் மக்கள் மீன்பிடிப்பதை நிறுத்தியதும், விஷத்தைச் சுமந்துகொண்டே மீன்கள் பெருகிவிட்டனவாம். அந்தச் செய்தியிலிருந்துதான் நௌசிகாவின் உலகம் பிறந்தது என்று மியாசாகி சொல்லியிருக்கிறார். அந்த மீன்களிடம் போய், 'நீங்கள் செத்துவிடுங்கள், சுத்தமான மீன்களை விடப்போகிறோம்' என்று சொல்ல முடியுமா? கல்லறை சொல்வது அதைத்தான். அவள் இடித்தது எனக்கு இப்போது புரிகிறது. மறைத்ததை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. படத்து நௌசிகாவிடம் மறைக்க ஒன்றுமே இல்லை, அதனால்தானோ என்னவோ ரூம்மேட் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் காலையில் ஏழாம் தொகுதியை அவனிடம் கொடுத்தேன். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான், படுபாவி. அங்கே மியாசாகி ஒரு சரித்திரக் குறிப்பு போல எழுதியிருக்கிறார்: நௌசிகா டொரோக் நாட்டிலேயே தங்கி, சிறுவன் சிகுகு பெரியவனான பிறகு பள்ளத்தாக்குக்குத் திரும்பினாள் என்று ஒரு வரலாறு சொல்கிறது, காட்டு மக்களிடம் போய்விட்டாள் என்று வேறு சில கதைகள் சொல்கின்றன. "இதிலேயும் ரெண்டு முடிவாடா?" என்று கேட்டுவிட்டு, முதல் தொகுதியை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனான்.