துண்டு, ரேகை, எண்

வாழவந்தியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஆயா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் (கேரளத்து மலையாளி அல்ல). எழுபது வயதுக்கு மேலிருக்கும். "காப்பிப்பழம் பறிச்சு, மொளகு பறிச்சு ரேக தேஞ்சு போச்சு கண்ணு. ரேஷன் கடையில மிஷின் எடுக்க மாட்டேங்குது. நாந்தான் நானுன்னு என் வெரலே சொல்ல மாட்டேங்குது. நாளைக்கு வான்னு அனுப்பிட்டாங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் அந்த வார்த்தைகள்தாம் கூடவே வந்தன. ஆளின் சொல்லைவிட ஆளின் அடையாளச் சான்று எப்போது பெரிதாகிப்போனது? இந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டரிலிருந்து விடை தேடத் தொடங்கினால் வரலாறு தப்பிவிடும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பி, தேயிலைத் தோட்டங்களோடு சேர்ந்து வந்தது, கூலியாளை நகரவிடாமல் கட்டிப்போடும் தொழில்நுட்பம். சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இந்தக் கூலிகளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. தமிழ்ச் சொல்லே துரைமாரின் ஆவணங்களிலும் ஏறிவிட்டது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை மனிதன் அந்தத் துண்டுக்குப் பின்னால்தான் நடந்தான்.

காகிதம் தொலையலாம், கைமாறலாம். உடம்பு அப்படியல்ல. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவைப் பத்திரத்தில் வாங்கினார். 1877இல் ஹூக்ளியில் பென்ஷன் வாங்குவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் கைதிகளிடமும் விரல்ரேகை வாங்கத் தொடங்கினார். உதவி பெறுபவரும் குற்றவாளியும் ஒரே மையில் விரலை வைத்தார்கள் என்பது கவனத்திற்குரியது. 1897இல் உலகின் முதல் விரல்ரேகைக் காரியாலயம் கல்கத்தாவில்தான் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் உழைப்பும் இருக்கிறது. முறைக்கு நிலைத்த பெயரோ மேலதிகாரி ஹென்றியினுடையது. யாருடைய விரல், யாருடைய அறிவு, யாருடைய பெயர்!

1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் பதிவான சாதியாரின் ரேகையை எடுக்க அதிகாரம் தந்தது. குற்றம் செய்தவன் மட்டுமல்ல, அந்தச் சாதியில் பிறந்தவனும் விரல் வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் அதை எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் ஒழிந்தது. ஆனாலும் சீர்மரபினர் பட்டியலில் 'சேலம் மேல்நாடு குறவர்' என்று எங்கள் மாவட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த இடத்தில் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அன்று ரேகை தண்டிக்க, இன்று சோறு போட, இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல. போலிக் கார்டுகளும் கடத்தலும் பொய்யல்ல. ஆனால் ஹெர்ஷலின் பென்ஷன் வரிசை இங்கேயும் நீள்கிறது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்ற ஆதிவாசிக் கிராமத்தில் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு 2020 அக்டோபரில் விரல்ரேகை வந்தது. ரேகை பதியாவிட்டால் கண்ணைக் காட்டலாம், கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லலாம் என்கிறார்கள். கைபேசியே இல்லாதவர் எந்த எண்ணைச் சொல்வார்? இயந்திரம் மறுத்தாலும் பொருளை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆயாவுக்கு அந்தக் கடிதம் வந்து சேரவில்லை.

அந்தரங்கம் என்பது வசதி படைத்தவர்களின் கவலை என்று நம் தோழர்களில் சிலரே சொல்கிறார்கள். அரசும் நீதிமன்றத்தில் ஏறத்தாழ இதையேதான் வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். ஏழைக்குச் சோறு போதும், உரிமை வேண்டாம் என்ற வாதமும் அத்தீர்ப்பில் நிராகரிக்கப்பட்டது. ஆனால் 2018 செப்டம்பர் 26இன் பெரும்பான்மைத் தீர்ப்பு என்ன செய்தது? தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க இடம்தந்த பிரிவை ரத்து செய்தது. மானியத்துக்கு ஆதார் கட்டாயம் என்ற பிரிவை அனுமதித்தது. அதாவது சிம் கார்டு வாங்குபவனின் உடம்பு அவனுக்கே சொந்தம். அரிசி வாங்குபவளின் உடம்பு அடகு. அந்தரங்கம் யாருக்கு ஆடம்பரம் என்று இப்போது சொல்லுங்கள்.

ஆயா இன்னொன்றும் சொன்னார்: "வெரல வச்சாலும் எடை கொறையத்தான் கொறையுது." எந்தக் கோட்பாட்டு நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அவர் வந்தாரா என்பதை இயந்திரம் சோதிக்கிறது. அவருக்கு என்ன கிடைத்தது என்பதைச் சோதிப்பதில்லை. வெளிச்சம் கீழ்நோக்கியே விழுகிறது. எதிர்த்திசையில் பாய்ச்ச நம்மிடம் ஒரு விளக்கு இருந்தது. தகவல் உரிமைக்கு 1997இலேயே சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவோ, தனிநபர் தகவல் என்று காரணம் சொல்லி அதிகாரிகள் தகவலை மறுக்க வழியை அகலமாக்கிவிட்டது. அந்தரங்கத்தின் பெயராலேயே அரசு தன் முகத்தை மூடிக்கொள்கிறது.

எனவே நம் கோரிக்கை இயந்திரத்தை உடை என்பதல்ல. ரேகை பதியாத ஒவ்வொரு தடவையையும் கடைப் பலகையில் எழுது. திருப்பி அனுப்பியவர் கையெழுத்துப் போடட்டும். கிராம சபையில் அதை வாசி. விரல் வைப்பவள் கேள்வியும் கேட்க முடிய வேண்டும்.

மறுநாள் ஆயா மறுபடியும் கடைக்குப் போயிருப்பார். அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிற ஊர் அது. அங்கேயும் அவர் யாரென்று நிரூபித்தாக வேண்டியிருக்கிறது.