ஒரு ராத்திரி... கொழும்பு!

தூத்துக்குடியில் எழுபத்தைந்து வயசு ஆச்சி ஒருத்தி இருக்கிறாள். கொழும்பில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சியை ஒரு தடவை பார்த்துவிட்டு வர ஆசை. என்ன வழி? இலங்கை எதிரேதான் இருக்கிறது. ஆனால், மதுரைக்கோ திருச்சிக்கோ போய் விமானம் பிடிக்க வேண்டும். அக்கரைக்குப் போக முதலில் ஊருக்குள்ளே போக வேண்டும்!

இந்தக் கரைக்காரர்களுக்குக் கடல் ஒரு காலத்தில் தெரு மாதிரி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு எந்தப் பக்கம் நடந்தாலும் இரண்டு பக்கத்து ஆட்களும் போய் வந்தார்கள். பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள்.

1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மெட்ராஸில் ஏறினால் தூத்துக்குடி, அங்கே கப்பல், ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் கொழும்பு. ரொம்ப சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் சுமார் ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சில் போய், ஆடுகிற லாஞ்சிலிருந்து ஆடுகிற கப்பலுக்கு ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் பாடு என்னவாக இருந்திருக்கும்!

ஆனாலும் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 'காலியா', 'லாவோ' கப்பல்கள் வந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு, 'சும்மாவே வாங்க, குடையும் தருகிறோம்' என்று இறங்கி வந்தது. (வயசானவர்களுக்கு குடை உபயோகம்தான்!) 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். கம்பெனி மூழ்கியது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் போக்குவரத்து தனுஷ்கோடி பக்கம் திரும்பியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கைச் சண்டையில் நின்றுபோனது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தூத்துக்குடியில் 1974-லேயே பெரிய துறைமுகம் தயார். லாஞ்ச் வேண்டாம், கப்பல் கரையை ஒட்டியே நிற்கும். ஏற வசதி வந்தபோது, ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் இல்லை!

2011 ஜூனில் வந்தது, 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். சாயங்காலம் கிளம்பினால் காலையில் கொழும்பு. காலை நீட்டிப் படுக்கலாம், எழுந்து நடக்கலாம், பாத்ரூம் பக்கத்திலேயே. வயசான உடம்புக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வாரத்துக்கு இரண்டே நடை. ஆயிரம் இடத்தை நிரப்ப ஆள் சேரவில்லை. நவம்பரில் நின்றுவிட்டது. சனங்களுக்குப் பழக அந்த ஐந்து மாசம் போதுமா என்ன?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம ஆச்சி முதலில் நாகப்பட்டினம் போக வேண்டுமே! ரயிலில் முதியவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் (ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவிகிதம்) 2020 மார்ச்சில் எடுத்தாகிவிட்டது. அத்தனையும் கடந்து காங்கேசன்துறையில் இறங்கினால், தங்கச்சி வீட்டுக்கு இன்னும் சுமார் 400 கிலோமீட்டர்.