விதைக்குத் தலைகீழ் உண்டா?

வீட்டுத் தோட்டத்தில் அவரை நடுவோருள் சிலர், விதையைத் திருப்பிப் பார்த்து, அதன் தழும்பு கீழே அமையுமாறு கருத்தோடு பதிப்பர். வேறு சிலரோ குழியிற் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டுச் செல்வர். இருவர் விதையும் முளைக்கின்றது. இரண்டிலும் வேர் கீழே செல்கின்றது. குருத்து மேலே எழுகின்றது. எனின், விதையை வைக்கும் திசைக்குப் பொருள் உண்டா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண அறிஞர்கள் நெடுங்காலம் முயன்றனர்.

வேர் ஈரத்தை நாடிக் கீழே செல்கின்றது என்றனர் சிலர். கதிரவனே குருத்தை மேலே இழுக்கின்றான் என்றும் கருதினர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் துஹமேல், முளைவிடும் விதையைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வேர்நுனியும் குருத்துநுனியும் வளைந்து தத்தம் பழைய திசைக்கே மீண்டன. நிகழ்ச்சி உறுதியாயிற்று, காரணம் உறுதியாகவில்லை. புவியின் ஈர்ப்பே காரணம் என்று கொண்டாலும், எங்கும் நிறைந்த அவ்வீர்ப்பை விலக்கிவிட்டுச் சோதிப்பது எங்ஙனம்?

வழி கண்டவர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் (1759-1838) என்னும் ஆங்கிலேயர். ஹியர்ஃபோர்டுஷயரில் வாழ்ந்த இவர் பழமர வளர்ப்பில் வல்லவர். தம் தோட்டத்தில் ஓடிய நீரோடையில் ஒரு சிறு நீர்ச்சக்கரம் அமைத்தார். அதனுடன் சுழலுமாறு 11 அங்குல விட்டமுள்ள மற்றொரு சக்கரத்தைப் பொருத்தி, ஊறவைத்த அவரையின விதைகளை அதன் விளிம்பில் எல்லாத் திசைகளிலும் கட்டினார். சக்கரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 150 முறை செங்குத்தாகச் சுழன்றது. விதைக்கு இப்போது மேல் என்றும் கீழ் என்றும் நிலையான பக்கம் இல்லை. சுழற்சியால் வெளிநோக்கித் தள்ளும் விசை மட்டுமே நிலையாக நின்றது.

சில நாட்களில் விதைகள் முளைத்தன. வேர்கள் எல்லாம் சக்கரத்திற்கு வெளியே நோக்கின. குருத்துக்கள் எல்லாம் நடுவை நோக்கின. நடுவைக் கடந்து வளர்ந்த தண்டுகளும் வளைந்து மீண்டும் நடுவையே நாடின! பின்னர்ச் சக்கரத்தைக் கிடையாகச் சுழற்றினார். விரைவு மிக்கபோது வேர் பெரிதும் வெளிநோக்கிச் சாய்ந்தது. விரைவு குறைந்தபோது கீழ்நோக்கித் திரும்பியது. இருவிசைகளுக்கும் இடையே வேர் தன் வழியை அமைத்துக்கொண்டது. இம்முடிவுகளை 1806இல் இலண்டன் இராயல் கழகத்தின் வாயிலாக அவர் வெளியிட்டார்.

அதன்பின், வேர்நுனியே ஈர்ப்பை உணர்கின்றது எனச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் எழுதினர். நுனியிலுள்ள மாச்சத்து மணிகள் அடியிற் படிந்து திசையை அறிவிக்கின்றன என்னும் கருத்தை 1900இல் ஹேபர்லாண்டும் நெமெக்கும் தனித்தனியே கூறினர்.

ஆகவே, விதையைத் தலைகீழாக இட்டாலும் செடி தலைகீழாக வளராது. ஆயினும் திசை முற்றும் பொருளற்றதன்று. தவறாகக் கிடந்த விதையின் வேரும் குருத்தும் வளைந்து செல்ல வேண்டும். அதற்குக் காலமும் விதையிற் சேர்ந்துள்ள உணவும் செலவாகும். ஆழமாகப் புதைத்த விதைக்கு இச்செலவு தாங்காது போகலாம். பூசணி விதையின் கூர்முனையிலிருந்தே வேர் புறப்படுவதால் அம்முனையைக் கீழாகவோ விதையைப் படுக்கையாகவோ வைத்தல் நன்று. கீரை விதையைத் தூவினாற் போதும். திசையினும் ஆழமும் ஈரமுமே முதன்மையானவை.

ஆனால் முருங்கைப் போத்தும் மரவள்ளிக் குச்சியும் அத்தகையன அல்ல. ஜெர்மானிய அறிஞர் ஃபோக்டிங் வில்லோ மரக் கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். அப்போதும் பழைய அடிப்பக்கத்திலேயே வேர்கள் மிகுதியாகத் தோன்றின என 1878இல் காட்டினார். குச்சியின் அடியும் நுனியும் அது மரத்தில் இருந்தபோதே அமைந்துவிட்டன. விதையின் தவற்றை விதையே திருத்திக்கொள்ளும். குச்சியின் தவற்றை நட்டவரே திருத்த வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் ஈரமான மைஒற்றுத்தாளைப் பொருத்தி, மூன்று அவரை விதைகளை மூன்று திசைகளில் செருகுக. சில நாட்களில் மாணவர் விடையைத் தம் கண்களாலேயே காண்பர்.