சிங்கவரத்துக் குன்றும் கார்த்திகை மழையும்

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் தேசிங்கு ராஜன். மழை வருவதில்லை. ஆயினும் சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரைத் தொழுதுவிட்டு, குன்றிலிருந்து இச்சீமையை நோக்கினால் நீரின் வழி புலப்படும். எங்கும் உருண்டு திரண்ட கருங்கற்பாறைகள். மண்போர்வை மெல்லியது. பெய்யும் நீரைப் பாறை உறிஞ்சுவதில்லை; உடனே வழித்துவிடுகிறது. அது செஞ்சியாறு, வராக நதி என்றும் பெயர்கொண்ட சங்கராபரணி வழியே புதுச்சேரிக் கடலைச் சேர்கிறது. கோட்டைக்குள் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் வெட்டியவர்கள் இதை அறிந்தவர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அதன் மையம் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறினால், வடக்குப் பக்கத்தில் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே பாயும். மயிலமும் செஞ்சியும் அப்பக்கத்தில்தான் உள்ளன. 2024 நவம்பர் 30 இரவு கரைகடந்த ஃபெஞ்சல் புயல், மேலே நகராமல் பல மணிநேரம் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. சங்கராபரணியில் பெருவெள்ளம்.

இதைக் கண்ட பிறகுதான் 1750ஆம் ஆண்டின் கதை நமக்குச் சரியாக விளங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. அதை மீட்க ஆற்காட்டிலிருந்து பெரும்படையோடு புறப்பட்டார் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங். செஞ்சிக்குச் சுமார் 16 மைல் தொலைவில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே, பருவமழை பிடித்துக்கொண்டது. முன்னேறவும் வழியில்லை, பின்வாங்கவும் வழியில்லை. தானியம் அருகிற்று, பாளையத்தில் நோய் பரவியது. யானையும் பீரங்கியும் சேற்றில் என்ன செய்யும்?

கடப்பை, கர்நூல், சாவனூர் நவாபுகளோடு டூப்ளே நடத்திய இரகசியப் பேச்சுகள் இவ்விடைவெளியில் முற்றின. டிசம்பர் 16 அன்று செஞ்சியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை பாளையத்தைத் தாக்கியது. குழப்பத்தினிடையே கடப்பை நவாபின் தரப்பில் நாசிர் ஜங் சுட்டுக் கொல்லப்பட்டார். சதியை மழை உண்டாக்கவில்லை. சதிக்கு வேண்டிய அவகாசத்தை மழை கொடுத்தது என்பதே நம் துணிபு. படையெடுப்புகளை வாளின் கணக்கில் மட்டும் எழுதிவரும் நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அதற்காக வானமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்லவும் நாம் தயாரில்லை. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயல், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது உதவவில்லை. இரண்டே வாரங்களில் நகரம் சரணடைந்தது. ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அப்போது கோடைக்காலம்.